சூலேயைச் சுற்றி ஒரு ஃப்ளோரன்ஸ்

தேவநேசனுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அந்த விஷயத்தின் மேல்தான் கோபம் வருமே தவிர, தன் மேல் ஒருநாளும் வராது. கப்பல் ஏஜெண்ட் கம்பெனி ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்து, கடைசி ஒன்பது வருஷம் தலைமை கிளார்க்காகவும் உட்கார்ந்து எழுந்தவர். மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷ். யாங்கோன் என்று ஊரே சொன்னாலும் அவருக்கு அது ரங்கூன்தான். இந்த ரங்கூனை விட்டு அவர் போன அதிகபட்ச தூரம் மாண்டலே, அதுவும் மச்சினன் கல்யாணத்துக்கு. போன இடத்தில் வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் படுத்துவிட்டதால் மாண்டலேயையும் அவர் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபத்து மூன்றாம் வயதில் இத்தாலி தேசத்து ஃப்ளோரன்ஸ் நகரத்தைச் சந்து சந்தாகக் கரைத்துக் குடித்தார் என்றால் அதற்கு ஒரே காரணம் அவருடைய மகள் ஷீபா.

ஷீபா அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போதிருக்கும் பட்டாள ஆட்சியில் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் வரவே இல்லை. ஃபோன் செய்வாள். அங்கே விடிவதற்கு முன்னால், அவள் டியூட்டிக்குக் கிளம்பும் நேரம், இங்கே காலை ஒன்பதரைக்கு மேலாகியிருக்கும். கூடத் தங்கியிருக்கும் பெண்கள் தூங்குவதால் விளக்கைப் போட மாட்டாள். வீடியோவில் ஓர் இருட்டும், இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரலும் வரும். பாதி நாள் இவர்கள் குடியிருக்கும் தாகேதாவில் கரெண்ட் இருக்காது, மீதி நாள் நெட் இருக்காது. ஐந்து வருஷமாக மகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்காமல் இருந்தார் தேவநேசன். அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு ஃபோனை மனைவி தெரேசாவிடம் கொடுத்துவிடுவார்.

அவள் வர முடியாவிட்டால் என்ன, நாம் போவோம் என்று முதலில் சொன்னது தெரேசாதான். தெரேசா தாகேதாவில் வீட்டிலேயே தோசைமாவு அரைத்து விற்கிறாள். பர்மாக்காரர்கள், தமிழர்கள், முஸ்லிம்கள் என்று எல்லா வீட்டுப் பாத்திரமும் காலை ஆறு மணிக்கு அவள் வாசலில் வரிசையில் நிற்கும். அவளுக்கு இத்தாலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. பிள்ளை அங்கே இருக்கிறாள், அது போதும் அவளுக்கு.

லான்மடாவில் ஃபிளாஸ்க் கடைக்கு மேல்மாடியில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் கோ நிஹாலிடம் போனார்கள். வயசில் சின்னவன்தான், ஆனால் விசா அவன் கையில் இருப்பதால் தேவநேசன் மரியாதையாக, பர்மியத்தில் அண்ணன் என்று அர்த்தம் வரும் ‘கோ’ போட்டே கூப்பிட்டார். அவன் மகளின் அழைப்புக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தான். கடிதமெல்லாம் சரி, ஆனால் இப்போது இங்கிருந்து போகிற எல்லாரையுமே தூதரகத்தில் அங்கேயே தங்கிவிடுவார்களோ என்று சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள் என்றான். நேர்காணலில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி பேச வேண்டும். எந்த நாள் எந்த இடம் என்று கேட்டால் தடுமாறக் கூடாது. ஒரு தடவை மறுத்துவிட்டால் அடுத்த தடவை இரட்டிப்புக் கஷ்டம் என்றும் சொல்லி வைத்தான்.

தடுமாறுவதா? தேவநேசனா? அன்று சாயங்காலமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. பேராலயத்தின் கூம்பு மாடத்துக்கு நானூற்று அறுபத்து மூன்று படி. உஃபிஸி என்கிற ஓவியக் கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தாவீதின் சிலை பதினேழு அடி உயரம். இதெல்லாம் தெரேசாவின் ஒரு காது வழியாகப் போய் மறு காது வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. கூம்பு மாடத்துக்கு எத்தனை படி என்று அவர் கேட்டால், எத்தனை படி மாவு என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

நோட்டைப் பார்த்துப் படித்தால் இவளுக்கு ஏறாது, நடந்து பார்த்தால்தான் ஏறும் என்று கண்டுபிடித்தார் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது வினை.

மாவு விற்று முடிந்ததும் இருவரும் தாகேதாவில் பஸ் பிடித்து ரங்கூனின் மையமான கியாக்டடாவுக்கு வருவார்கள். நடுவில் நிற்கிற சூலே பகோடாதான் பேராலயம். தங்கக் கூம்பு இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? பக்கத்து மாநகராட்சிக் கட்டடம் பழைய அரண்மனை. பூங்காவைத் தாண்டினால் வரும் சிவப்புச் செங்கல் ஹைகோர்ட்டு உஃபிஸி. பன்சொடான் தெருவில் இறங்கிப் போனால், படகுத் துறைக்கு முன்னால் ஸ்ட்ராண்ட் ரோட்டுக்கு மேலே கட்டியிருக்கும் நடைபாலம், ஃப்ளோரன்ஸின் பழைய பாலம். பாலம் என்றால் கீழே ஆறு ஓட வேண்டாமா, இங்கே கண்டெய்னர் லாரிதானே ஓடுகிறது என்று தெரேசா கேட்டாள். ஆறு கொஞ்சம் தள்ளி ஓடுகிறது, நீ உன் மனசில் இழுத்து இங்கே விட்டுக்கொள் என்றார் தேவநேசன். அந்தப் பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் நகைக்கடைகள் உண்டு என்றதும் தெரேசா நின்றுவிட்டாள். மொத்த ஃப்ளோரன்ஸிலும் அவள் மனசில் பசையாக ஒட்டிக்கொண்ட இடம் அது ஒன்றுதான். எத்தனை கடை, கல் வைத்ததா, வெறும் பொன்னா என்று அவள் கேட்ட கேள்விகளுக்கு அவர் நோட்டில் பதில் இல்லை.

தாவீதின் சிலைக்குத்தான் இடம் அமையவில்லை. கடைசியில் சூலேக்கு வடக்கே, நடைபாதையில் வெற்றிலைக் கடை போட்டிருக்கும் சின்னத்தம்பியை அந்த ஸ்தானத்தில் நிறுத்தினார். நரம்பு தெரிகிற ஒல்லி ஆள். நீங்கள்தான் தாவீது ராஜா என்று சொல்லிவைத்ததில் அவனுக்கு ஏக சந்தோஷம். வேதத்தில் வருகிற பெரிய மனுஷன் என்கிற வரைக்கும் அவனுக்குத் தெரியும். சிலைக்கு உடுப்பே இல்லாத விஷயத்தைத் தேவநேசன் அவனிடம் சொல்லவில்லை. தெரேசாவிடம் சொல்லியிருந்தார். அதனால் அந்த இடம் வந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமாகப் போய்விடுவாள். அவனோ இவர்கள் வருவதைப் பார்த்ததும் சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பான்.

மூன்று மாதம். மழை பெய்தால் குடையோடு நடந்தார்கள். திங்கட்கிழமை மட்டும் போகவில்லை, ஏனென்றால் உஃபிஸிக்கு அன்று விடுமுறை. ஹைகோர்ட்டுக்கு விடுமுறை இல்லையே என்று தெரேசா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழியில் தெரிந்தவர்கள் பார்த்து எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால், ஃப்ளோரன்ஸ் என்று அவர் வாயில் தானாகவே வர ஆரம்பித்தது. மனிதர் விளையாட்டாகச் சொல்கிறாரா, புத்தி பிசகிவிட்டதா என்று கோயிலில் அன்பியம் என்கிற ஜெபக்கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டார்கள்.

தூதரகத்தில் நேர்காணல் அன்று தேவநேசன் வெள்ளைச் சட்டையும், கல்யாணம் கருமாதிக்கு மட்டும் எடுக்கிற பட்டு லுங்கியும் கட்டிக்கொண்டார். தெரேசா பூப்போட்ட சேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், பர்மியத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்களாம். தேவநேசனின் பெயர் முதலில் வந்தது. மொழிபெயர்ப்பு எனக்குத் தேவையில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கே போகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டதுதான் தாமதம், மடை திறந்துகொண்டது. முதல் நாள் பேராலயம், இரண்டாம் நாள் உஃபிஸி, எந்த வாசலில் கூட்டம் குறைவு, எந்த அறையில் எந்த ஓவியம், படி நானூற்று அறுபத்து மூன்று. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். தான் அசத்திவிட்டதாக நினைத்துக்கொண்டார் தேவநேசன். கம்பெனியில் வெள்ளைக்கார கேப்டன்மார்களும் இப்படித்தான் பார்ப்பார்களாம்.

அந்த அம்மா ஃபாரத்தைப் பார்த்தாள். மகள் அங்கே இருப்பதாகப் போட்டிருக்கிறதே என்றாள். கோ நிஹால் சொல்லியிருந்தது தேவநேசன் காதில் மணியடித்தது. மகள் இருக்கிறாள், ஆனால் அவளுக்கு வேலை அதிகம், அவளைத் தொந்தரவு செய்கிற உத்தேசமில்லை, எங்களுக்கு முக்கியம் கலையும் சரித்திரமும்தான் என்று அடித்துச் சொன்னார். சொன்ன வாய்க்குள்ளேயே அது கசந்தது. ஆனாலும் சொன்னார்.

இதற்கு முன்னால் ஃப்ளோரன்ஸுக்குப் போயிருக்கிறீர்களா என்று அந்த அம்மா கடைசியாகக் கேட்டாள். மூன்று மாதப் பழக்கம், யோசிக்க விடவில்லை.

“தினமும் போகிறேன், மேடம்,” என்றார் தேவநேசன். “திங்கட்கிழமை மட்டும் லீவு.”

அந்த அம்மா அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அச்சடித்து வந்த நாளிலிருந்து ஒரு முத்திரை விழாத வெள்ளைப் பக்கங்கள். தேவநேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. சூலே பகோடாவையும் ஹைகோர்ட்டையும் சொல்லி விளக்கப் போனார். விளக்க விளக்க விஷயம் இன்னும் சிக்கலானது. வெற்றிலைக்கடைக்காரர் தாவீதான கதை வரும்போது மொழிபெயர்ப்புப் பெண் மேஜைக்கடியில் எதையோ தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். வெள்ளைக்கார அம்மா சிரிக்கவில்லை. நன்றி என்றாள்.

அடுத்து தெரேசா. கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்த தேவநேசனுக்கு அவள் பேசுவது நன்றாகவே கேட்டது. கேட்காமல் இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. ஊரில் என்னென்ன பார்ப்பீர்கள் என்று பர்மியத்தில் கேட்டதற்கு, பாலத்து மேலே நகைக்கடை இருக்கிறதாம் என்றாள். அப்புறம்? அப்புறம் ஒரு பெரிய கோயில் இருக்கிறதாம், நானூற்றுச் சொச்சம் படியாம், எனக்கு முட்டிவலி, இவர் ஏறட்டும், நான் கீழே பிள்ளையோடு உட்கார்ந்துகொள்வேன் என்றாள். மியூசியம்? மியூசியம் எல்லாம் இவருக்கு. நான் பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, நாலு நாள் வாய்க்கு ருசியாய்ச் சமைத்துப் போட வேண்டும். ஐந்து வருஷமாக அவள் என்ன தின்கிறாளோ, யார் கண்டது?

மூன்று மாதம் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லிக்கொடுத்தது பாழ் என்று தேவநேசன் கண்ணை மூடிக்கொண்டார். அங்கேயே தங்கிவிட மாட்டீர்களே என்று கேட்டார்கள். அதற்குத் தெரேசா சொன்ன பதிலை மொழிபெயர்க்க அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுபது வீட்டுக்கு மாவு கொடுக்கிறேன், மூன்று வாரத்துக்கு மேல் போனால் அத்தனை பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். போதாததற்கு, இந்த மனுஷரை மூன்று வாரத்துக்கு மேல் எந்த ஊரும் தாங்காது என்றும் சொல்லிவைத்தாள். இந்தத் தடவை வெள்ளைக்கார அம்மா சிரித்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கோ நிஹாலின் மாடியில் இரண்டு உறையைப் பிரித்தார்கள். தெரேசாவின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. தேவநேசனின் பாஸ்போர்ட்டில் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. கூடவே ஒரு தாள். பயணத்தின் நோக்கம் நம்பும்படியாக இல்லை என்று அதில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தது. தாவீதுக்கு எத்தனை அடி என்று தெரிந்தவருக்கு விசா இல்லை. தாவீதைப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்துகிறவளுக்கு விசா. கோ நிஹால் மேஜைக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பஸ்ஸில் தெரேசா அழுதாள். நீங்கள் வராவிட்டால் நானும் போக மாட்டேன் என்றாள். தேவநேசனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ‘எங்களுக்கு முக்கியம் கலையும் சரித்திரமும்தான்’ என்று தன் வாயாலேயே சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை, அந்த ஒரே ஒரு உண்மையான வார்த்தை, இங்கிலீஷில் எவ்வளவு சின்ன வாக்கியம்! ஆனால் அதை மனைவியிடம் ஒப்புக்கொள்வதற்கு அவர் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும். போய்த்தான் ஆகவேண்டும் என்று அதட்டினார்.

“எனக்கு மியூசியம் பாக்க முடியலேங்கிறதுதான் வருத்தம்,” என்றார். “நீ போய் ஒண்ணு விடாமப் பாத்து எனக்கு ஃபோன்ல காட்டு. நோட்டைத் தர்றேன், வரிசைப்படி காட்டு.”

சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள் தெரேசா. முப்பத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவள் இதை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் அவர் பின்னால் நடந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? விமான நிலையத்தில் அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

காட்டினாள். வஞ்சனையில்லாமல் காட்டினாள். இங்கே மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு ஃபோன் அடிக்கும். கரெண்ட் இல்லாத வீட்டில், பக்கத்து வீட்டு பாட்டரியில் சார்ஜ் ஏற்றி வைத்த ஃபோனை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேவநேசன் உட்காருவார். திரையில் கதவு வரும். கதவுக்குப் பிறகு தூண். தூணுக்குப் பிறகு தேவதூதர்கள். தெரேசாவுக்குக் கை நடுங்கும் என்பதால் ஃபோனைப் பிடிப்பது ஷீபா. அம்மாவுக்காக வருஷத்து லீவையெல்லாம் சேர்த்து எடுத்திருந்தாள். பிடிக்கிறவள் படத்தில் வருவாளா? வர மாட்டாள். அவளுடைய விரல் மட்டும் சில நேரம் மூலையில் வந்து மறைக்கும். தேவநேசன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐயோ, விரல் மறைக்கிறதே என்று தெரேசா கடிந்துகொள்வாள், விரல் போய்விடும். தெரிகிறதா என்று கேட்பார்கள். பிரமாதம், பிரமாதம் என்பார் அவர். தான் வெட்டிய குழியில் தானே விழுந்து கிடக்கிறவர் வேறு என்ன சொல்வார்?

ஒன்பது நாள் இப்படியே போனது. பேராலயம் ஆயிற்று, அரண்மனை ஆயிற்று. உஃபிஸியை மட்டும் இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டினார்கள். பாலத்து நகைக்கடைகளைத் தெரேசா ஒவ்வொன்றாகக் காட்டியதில் ஒரு மணி நேரம் போனது. பத்தாம் நாள் தாவீது.

நீண்ட கூடம். அதன் கோடியில், மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் கொட்ட, அவன் நின்றான். ஷீபா பாதத்தில் ஆரம்பித்து ஃபோனை மெதுவாக உயர்த்தினாள். தெரேசா பக்கத்தில் நின்று நோட்டை உரக்கப் படித்தாள். இந்தத் தடவை அவள் வாயைப் பொத்தியதாகத் தெரியவில்லை. நோட்டில் இருந்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

தேவநேசன் திரையின் மூலையில் அந்த விரல் வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டதோ என்று அங்கே இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள்.

“ஷீபா,” என்றார் கடைசியில். “ஃபோனை அம்மாகிட்ட குடும்மா. கை நடுங்கினா நடுங்கட்டும். நீ முன்னால வந்து நில்லு.”

“சிலையை மறைக்குமேப்பா?”

“மறைக்கட்டும். எனக்கு எந்தச் சிலையும் வேணாம். அன்னைக்கு அந்தம்மாகிட்ட நான் பொய் சொன்னேன், உங்க அம்மாகிட்டயும் பொய் சொன்னேன். எனக்கு உன்னைத்தான் பாக்கணும்.”

படம் குலுங்கியது. தரை வந்தது, யாரோ ஒருவருடைய செருப்பு வந்தது, தெரேசாவின் சேலைக் கரை வந்தது. பிறகு வெளிச்சத்தில் ஷீபா வந்து நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. வகிட்டோரம் நாலைந்து நரைமுடி. இருபத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு நரையா? அவள் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டு போனது. தேவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

அஞ்சு வருஷத்தில் நானும் இன்றைக்குத்தான் இந்த இடத்துக்குள்ளே வருகிறேன் என்றாள் அவள். நேரமே கிடைத்ததில்லையாம். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரேசா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இந்த மனுஷரை நம்பி ஒன்பது நாள் கல்லையும் மண்ணையும் காட்டினேனே என்று அவள் திட்டுவதும் கேட்டது.

ஷீபா தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரோ இத்தாலியத்தில் ஏதோ சொன்னார்கள்.

“நகரச் சொல்றாங்கப்பா. பின்னால பெரிய வரிசை நிக்குது.”

“நிக்கட்டும்,” என்றார் தேவநேசன். “நானும் அஞ்சு வருஷமா வரிசையிலதான் நின்னேன். இன்னும் ரெண்டு நிமிஷம் அப்படியே நில்லு.”

ஷீபா நின்றாள்.